மான்யம் யாருக்கு? மனு எழுதத் தெரிந்தவர்களுக்கா?

கல்லூரி மான்யம் என்ற பேச்சு எழுந்தாலே, அது படித்தவர்கள் விவகாரம், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். அந்தக் காலம் மலையேறிவிட்டது. இரவு ஷிப்டு முடித்து வருகிற பஞ்சாலைத் தொழிலாளியின் மகளும், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற தாயின் மகனும் இன்று காலை பஸ்ஸில் தொற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் போவது தாலுகா தலைநகரில் இருக்கும் சர்க்கார் கலை அறிவியல் கல்லூரிக்கு. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட கல்லூரிகள் 160-க்கு மேல் இருக்கின்றன. 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம் தொடங்கி, சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்க ஆரம்பித்ததும், ஆலை ஹாஸ்டலுக்குப் போக இருந்த பெண்ணும் கல்லூரி வாசலை மிதிக்க வழி பிறந்தது. நல்ல காரியம். அதை நாம் வரவேற்கிறோம்.

வாசலைத் தாண்டி உள்ளே போனால் என்ன இருக்கிறது? அதுதான் நம் கேள்வி.

ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், உங்கள் ஊர்க் கல்லூரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பௌதிகப் பரிசோதனைச் சாலையில் ஒரு கருவியைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஒருவன் கை வைக்கிறான். மற்ற ஒன்பது பேரும் அவன் சொல்லும் எண்ணை நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். இதற்குப் பெயர் செய்முறைப் பயிற்சி. நூலகத்தில் புத்தகம் இருக்கிறது, எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. வகுப்பெடுக்க நிரந்தர ஆசிரியர் இல்லை. 'கௌரவ விரிவுரையாளர்' வருகிறார்.

இந்தக் கௌரவம் என்ன என்று பஞ்சாலைத் தொழிலாளிக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. ஆலையில் பதிலித் தொழிலாளி என்று ஒருவர் உண்டல்லவா? அதே வேலை, அதே மிஷின், ஆனால் அரைக் கூலி, நாளைக்கு வேலை உண்டா என்பது நாளைக்குத்தான் தெரியும். கல்லூரியில் அதே ஆளுக்குக் கௌரவ விரிவுரையாளர் என்று பட்டம் சூட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டுச் சர்க்கார் கல்லூரிகளில் இவர்கள் ஏழாயிரத்துக்கு மேல். இவர்களுக்கு மணிக்கணக்கில் 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று சர்வகலாசாலை மான்யக் கமிஷனே 2019-ல் சொன்னது. இங்கே அதற்குப் பிறகும் பல ஆண்டு காலம் 20,000 ரூபாய்தான். அதுவும் ஆண்டுக்கு பதினோரு மாதம். மே மாதம் வயிற்றுக்கு விடுமுறை! டாக்டர் பட்டம் வாங்கியவர் வாடகை கொடுக்க முடியாமல் மாலையில் டியூஷன் எடுக்கிறார். அவரிடம்தான் நம் பிள்ளை படிக்கிறது. அவர் மீது நமக்குக் குறையில்லை. அவர் நம்மவர்.

இதையெல்லாம் சரிப்படுத்தப் பணம் இல்லையா? பணம் உண்டு. கற்பித்தலையும் கற்றலையும் மேம்படுத்துவதற்கென்றே மான்யங்கள் உண்டு. மனுச் செய்து வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறது சர்க்கார். இந்த மனு விவகாரத்தைத்தான் நாம் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும்.

முதலில் கதையைத் தெரிந்துகொள்வோம். சர்வகலாசாலைகளுக்கு மான்யம் கொடுப்பதற்கென்று ஒரு குழு இங்கே 1945-ல் அமைந்தது. அப்போது அது பார்த்துக்கொண்டது அலிகார், பனாரஸ், டெல்லி என்ற மூன்றை மட்டும். விடுதலைக்குப் பிறகு, டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த கமிஷன் சொன்ன யோசனைப்படி அதைப் புதிதாக அமைத்தார்கள். 1953 டிசம்பர் 28-ல் மௌலானா ஆஸாத் தொடங்கிவைத்தார். 1956-ல் அதற்குச் சட்டம் வந்தது. மந்திரிகளின் விருப்பு வெறுப்புக்கு ஆளாகாமல், கல்வி தெரிந்தவர்கள் உட்கார்ந்து எந்தக் கல்லூரிக்கு என்ன தேவை என்று பார்த்துப் பணத்தைப் பகிரவேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கத்தில் பழுதில்லை.

அந்தக் கமிஷன் நல்ல காரியமும் செய்திருக்கிறது. இல்லை என்று சொல்வது நியாயமாகாது. 1970-களில் கல்லூரிகளில் விஞ்ஞானம் கற்பிப்பதைச் சீர்படுத்த ஒரு திட்டம், அதன் பின் மற்றப் பாடங்களுக்கு ஒரு திட்டம் என்று கொண்டுவந்தது. பதினோராவது ஐந்தாண்டுத் திட்ட காலத்தில், அதாவது 2007-க்கும் 2012-க்கும் இடையில், தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட, சிறுபான்மை மாணவர்களுக்கு வகுப்பு நேரத்துக்கு வெளியே தனியாகச் சொல்லிக்கொடுக்க மான்யம் தந்தது. இது பெரிய விஷயம். வீட்டில் யாரும் படிக்காத பிள்ளை, தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளை, இங்கிலீஷ் பாடப்புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும்போது, சாயங்காலம் ஒரு ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து "இதற்கு இதுதான் அர்த்தம், பயப்படாதே" என்று சொல்வதற்குப் பணம் ஒதுக்கினார்கள். கட்டிடத்துக்கல்ல, கல்வெட்டுக்கல்ல, சொல்லிக்கொடுப்பதற்கு! கற்பித்தலை மேம்படுத்துவது என்றால் எங்கள் அகராதியில் அர்த்தம் இதுதான்.

அந்த ஐந்தாண்டுத் திட்டங்கள் 2017 மார்ச்சோடு முடிந்தன. திட்டக் கமிஷனே அதற்கு முன் கலைக்கப்பட்டுவிட்டது. திட்ட காலத்துக்கு ஒருமுறை கல்லூரிகளுக்கு வந்துகொண்டிருந்த அபிவிருத்தி உதவியும் அத்துடன் வற்றியது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது எது? கடைமடை. கல்வியிலும் அதே கதைதான்.

இப்போது மனுவுக்கு வருவோம்.

1956 சட்டத்தில் 2(எஃப்) என்று ஒரு ஷரத்து, 12(பி) என்று ஒரு ஷரத்து. முதலாவதில் பெயர் ஏறினால் கல்லூரி கமிஷனின் கணக்கில் உண்டு. இரண்டாவதிலும் ஏறினால்தான் மத்திய மான்யம் பெறத் தகுதி. இது முதல் வேலி. இரண்டாவது வேலி, நாக் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தர மதிப்பீட்டு நிறுவனம். 1994-ல் அமைந்தது. தரச் சான்று இல்லாத கல்லூரி பெரிய மான்யங்களுக்குக் கையேந்த முடியாது. உயர்ந்த தரத்துக்கு உயர்ந்த தொகை. நாட்டில் எத்தனை கல்லூரிகள் அந்தச் சான்று பெற்றிருந்தன தெரியுமா? 2023 தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் சர்க்காரே சொன்ன கணக்கு: 43,796 கல்லூரிகளில் 9,335. ஐந்தில் நான்கு கல்லூரிகள் வேலிக்கு வெளியே!

வெளியே நிற்பவை சோம்பேறிக் கல்லூரிகளா? அந்த மதிப்பீடு எப்படி நடந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். 2017-ல் வந்த முறைப்படி, மதிப்பெண்ணில் சுமார் 70 சதவிகிதம் கல்லூரி அனுப்பும் புள்ளிவிவரங்களைக் கொண்டு போடப்பட்டது. கல்லூரி தன்னைப் பற்றித் தானே ஒரு பெரிய அறிக்கை எழுதவேண்டும், ஒவ்வொரு எண்ணுக்கும் அத்தாட்சி இணைக்கவேண்டும், ஏழு அளவுகோல்கள். சர்வகலாசாலையுடன் இணைந்த சாதாரணக் கல்லூரிக்கு 1,000 மதிப்பெண்ணில் 350, கற்பித்தல்-கற்றல்-மதிப்பீடு என்ற அளவுகோலுக்கு. சரியான ஏற்பாடுதானே என்று தோன்றும். அந்த 350-க்குள் என்ன கேட்கிறார்கள்? அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் இடங்களில் எத்தனை சதவிகிதத்தில் முழுநேர ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள்.

இங்கேதான் முடிச்சு இருக்கிறது, தோழர்களே. ஆசிரியரை நியமிக்கவேண்டியது யார்? சர்க்கார். நியமிக்கவில்லை. நியமிக்காத குற்றத்துக்கு மதிப்பெண் குறைவது யாருக்கு? கல்லூரிக்கு. மதிப்பெண் குறைந்தால் தரம் குறைகிறது. தரம் குறைந்தால் மான்யம் இல்லை. மான்யம் இல்லாததால் பரிசோதனைச் சாலை பழையபடியே கிடக்கிறது. அடுத்த மதிப்பீட்டில் அதற்கும் மதிப்பெண் வெட்டு! முதலாளி பஞ்சு வாங்கிப் போடாமல், உற்பத்தி குறைந்தது என்று தொழிலாளிக்கு அபராதம் போட்டால் நாம் சும்மா இருப்போமா? ஆலை வாசலில் கொடி பறக்காதா?

நியமனம் எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பதற்கு ஒரு சான்று போதும். 2024 மார்ச்சில் தமிழ்நாட்டுச் சர்க்கார் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர்களைத் தேர்ந்தெடுக்கப்போவதாக விளம்பரம் வந்தது. அந்த ஆகஸ்டில் நடக்கவேண்டிய பரீட்சை நடக்கவில்லை. நாலாயிரம் நாற்காலி காலி என்று ஒப்புக்கொண்ட பிறகும் இந்த வேகம்!

மனு எழுதுவதற்கும் ஆள் வேண்டுமே. நகரத்துப் பெரிய கல்லூரிகளில் அதற்கென்று தனி அலுவலகம், கம்ப்யூட்டர், சம்பளத்துக்கு ஆலோசகர்கள். ஆறு அனுபவசாலிகள் உட்கார்ந்து அறிக்கை தயாரிக்கிறார்கள். தாலுகாக் கல்லூரியில் அந்த வேலை யார் தலையில் விழுகிறது? மூன்று பேர் வேலையை ஒருவராகச் செய்துகொண்டிருக்கும் நிரந்தர ஆசிரியர் தலையில். அவர் பாடத்தை விட்டுவிட்டுப் பாரம் நிரப்புகிறார். கற்பித்தலை மேம்படுத்த மனுப் போடுவதற்காக வகுப்பு ரத்து! இதைவிட வேடிக்கை வேறு வேண்டுமா?

பாரம் நிரப்பும் வித்தையில் பணம் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தில் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு நல்ல தரம் போடுவதற்காக ரொக்கமும் தங்கக் காசும் மடிக்கணினிகளும் கைமாறின என்று குற்றம் சாட்டி, தர மதிப்பீட்டுக்குப் போன குழுவினரையே சி.பி.ஐ. கைது செய்தது. தரங்களை எடுத்துவிட்டு, 'சான்று உண்டு, இல்லை' என்று இரண்டே பிரிவாக மாற்றப்போவதாக அதற்கு முன்பே, 2024-ல், அறிவித்தார்கள். மாற்றட்டும். ஆசிரியர் இல்லாத கல்லூரிக்கு இரண்டு பிரிவில் எது கிடைக்கும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

"சர்க்கார் பணத்தைக் கேள்விமுறை இல்லாமல் வாரி இறைக்கவா சொல்கிறீர்கள்?" என்று சிலர் கேட்பார்கள். அப்படி நாம் சொல்லவில்லை. கணக்குக் கேட்கவேண்டும், கறாராகக் கேட்கவேண்டும். மக்கள் வரிப்பணத்தில் ஒரு காசு வீணானாலும் அதில் உப்புக்கும் தீப்பெட்டிக்கும் நாம் கொடுத்த காசு இருக்கிறது. ஆனால் கணக்குக் கேட்பது வேறு, பந்தயம் வைப்பது வேறு. பஞ்சப்படி எப்படிக் கிடைக்கிறது? விலைவாசிப் புள்ளி ஏறினால் படி ஏறுகிறது. "எனக்கு ஏன் பஞ்சப்படி வேண்டும்" என்று கட்டுரை எழுதச் சொல்லி, நன்றாக எழுதிய பத்துப் பேருக்கு மட்டும் படி என்று எந்த ஆலையிலாவது நடந்தால் தொழிற்சங்கம் ஒத்துக்கொள்ளுமா? பிள்ளை எத்தனை, ஆசிரியர் எத்தனை, கருவி எத்தனை, முதல் தலைமுறையாகப் படிப்பவர் எத்தனை என்று எண்ணிப் பார்த்துத் தேவைக்குத் தக்கபடி பணம் கொடுப்பதற்கு எண்ணத் தெரிந்தால் போதும். பிறகு வருஷா வருஷம் கணக்குக் கேளுங்கள்.

மேல் தட்டில் என்ன நடந்தது என்றும் பாருங்கள். 2018 ஜூலையில் 'உன்னதக் கல்வி நிலையங்கள்' என்று ஆறு பெயர்களை மத்திய சர்க்கார் அறிவித்தது. பொதுத்துறை நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டில் 1,000 கோடி ரூபாய் வரை. மூன்று தனியாருக்குப் பணம் இல்லை, சலுகைகள் மட்டும். அந்த மூன்றில் ஒன்றான ஜியோ இன்ஸ்டிட்யூட் அப்போது திறக்கப்படவே இல்லை. பிறக்காத பிள்ளைக்கு முதல் ராங்க்! அதே காலத்தில் ரூசா என்ற திட்டத்தில், வேலிகளைத் தாண்டி வந்த சாதாரணக் கல்லூரிக்குக் கட்டிடம், பழுதுபார்ப்பு, கருவி எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து 2 கோடி.

இந்த ரூசா 2013-ல் வந்தது. மத்திய சர்க்கார் 60 பங்கு, மாநில சர்க்கார் 40 பங்கு. அதில் ஒரு நிபந்தனை இருந்தது: மாநிலங்கள் ஆசிரியர் நியமனத் தடையை நீக்கவேண்டும், காலியிடம் 15 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அருமையான நிபந்தனை! நாமே எழுதியிருந்தாலும் வேறு விதமாக எழுதியிருக்க மாட்டோம். அந்த நிபந்தனையைக் கையில் பிடித்துக்கொண்டு எந்த மத்திய மந்திரியாவது மாநிலத்து வாசலில் வந்து நின்றாரா? காகிதத்தில் எழுதியது காகிதத்திலேயே உறங்கிற்று.

2023-ல் ரூசாவுக்குப் புதுப் பெயர் வைத்தார்கள், பி.எம்.-உஷா என்று. 2025-26 வரை மூன்றாண்டுக்கு 12,926 கோடி ரூபாய் என்றார்கள். இந்த முறை வேறொரு நிபந்தனை. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை நிறைவேற்றுகிறோம் என்று மாநிலம் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவேண்டும். தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம் போன்ற மாநிலங்கள் தயங்கி நின்றன. இந்த நிபந்தனை உறங்கவில்லை, தோழர்களே! கையெழுத்து இல்லையா, பணம் இல்லை. ஆசிரியரை நியமி என்ற நிபந்தனைக்குக் கண்ணயர்வு. கொள்கைக்குத் தலையாட்டு என்ற நிபந்தனைக்குக் கையில் கோல். அந்தக் கல்விக் கொள்கை சரியா தவறா என்று வாதிடலாம். நமக்கு அதன் மீது ஆட்சேபங்கள் நிறைய உண்டு, அதை வேறொரு நாள் பேசுவோம். ஆனால் மாநிலத்துக்கும் மத்திக்கும் உள்ள தகராறில் பௌதிகச் சாலையில் பத்தாவது ஆளாக நிற்கும் பிள்ளை என்ன பாவம் செய்தது? 60 பங்கைப் பிடித்துவைக்கும் டெல்லியும் பதில் சொல்லவேண்டும். 'டெல்லி தரவில்லை' என்று சொல்லிக்கொண்டு காலியிடங்களைப் பதிலிகளைக் கொண்டு ஒப்பேற்றும் சென்னையும் பதில் சொல்லவேண்டும்.

மான்யம் என்ற சொல்லே மெல்ல மெல்ல மறைந்துவருகிறது என்பதையும் கவனியுங்கள். கல்லூரி ஆசிரியர் சம்பளத்தை ஆறாவது சம்பளக் கமிஷனை ஒட்டி உயர்த்தியபோது, 2006 முதல் 2010 மார்ச் வரை கூடுதல் செலவில் 80 சதவிகிதத்தை மத்திய சர்க்கார் மாநிலங்களுக்கு ஈடு கட்டியது. ஏழாவது கமிஷனின்போது அது 50 சதவிகிதமாயிற்று. 2017-ல் கனரா வங்கியோடு சேர்ந்து ஹேஃபா என்று ஒரு கடன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மத்திய கல்வி நிலையங்கள் கட்டிடத்துக்கும் கருவிக்கும் இனி அங்கே கடன் வாங்கலாம். வட்டியைச் சர்க்கார் பார்த்துக்கொள்ளும். பத்தாண்டுக்கு மேற்பட்ட தொழில்நுட்பக் கல்வி நிலையம் அசல் முழுவதையும் தன் சொந்த வருமானத்திலிருந்து கட்டவேண்டும். கல்வி நிலையத்துக்குச் சொந்த வருமானம் எங்கிருந்து வரும்? நெல் விளைகிறதா, நூல் நூற்கிறதா? மாணவன் கட்டும் சம்பளம்தான். கந்துவட்டிக்காரனிடம் பட்ட அனுபவம் உள்ள நமக்கு இதன் முடிவு தெரியும். 2018 ஜூனில் வெளியிட்ட நகல் மசோதா ஒன்றில், மான்யம் வழங்கும் அதிகாரத்தையே கமிஷனிடமிருந்து எடுத்து மந்திரி இலாகாவிடம் கொடுக்கப் பார்த்தார்கள். ஆசிரியர் சங்கங்களும் மாணவர் சங்கங்களும் எதிர்ப்புத் தெரிவித்தன.

கோத்தாரி கமிஷன் 1966-ல் தேச வருமானத்தில் 6 சதவிகிதம் கல்விக்கு என்றது. 2020-ஆம் ஆண்டுக் கொள்கையும் அதே 6-ஐத்தான் எழுதிவைத்திருக்கிறது. 2017-18 கணக்குப்படி 4.43 சதவிகிதம்தான் செலவாகிறது என்று அதே தஸ்தாவேஜில் ஒப்புக்கொண்டும் இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே வாக்குறுதி!

இந்த விஷயத்தில் நாம் செய்யக்கூடியது என்ன? நம் பிள்ளைகள் படிக்கும் கல்லூரி மனுப் போட்டதா, எதற்குப் போட்டது, பணம் வந்ததா, வந்த பணம் எங்கே போனது என்பதை நாம் இதுவரை கேட்டதில்லை. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைக் கணக்கைக் கிராம சபையில் படித்துக் காட்டவேண்டும் என்று எழுதியது. மண்வெட்டி பிடித்த பெண்கள் எழுந்து நின்று "என் பெயரில் எழுதிய நாள் எத்தனை?" என்று கேட்டார்கள். வரப்பு வெட்டிய கூலிக்குக் கேட்கத் தெரிந்தவர்களுக்குக் கல்லூரிக் கணக்கைக் கேட்கத் தெரியாதா?

தரச் சான்றுக்குப் போகும் ஒவ்வொரு கல்லூரியிலும் உள்தர உறுதிக் குழு என்று ஒன்று இருக்கவேண்டும் என்பது நாக் நிறுவனத்தின் விதி. அதில் ஆசிரியர்களும் நிர்வாகிகளும் மட்டுமல்ல, மாணவர் ஒருவர், பழைய மாணவர் ஒருவர், உள்ளூர்ச் சமூகத்திலிருந்து ஒருவர் இருக்கவேண்டும் என்றும் விதி சொல்கிறது. அந்த உள்ளூர்ச் சமூகப் பிரதிநிதி உங்கள் ஊரில் யார்? அநேக இடங்களில் மில் முதலாளியோ, ரைஸ் மில்காரரோ, ரோட்டரி சங்கத் தலைவரோ இருப்பார். கேட்டால் "ஊரில் பெரிய மனிதர்" என்பார்கள். அந்தக் கல்லூரியில் அவர் பிள்ளை படிக்கிறதா? அவர் பிள்ளை கோயம்புத்தூரிலோ சென்னையிலோ லட்சக்கணக்கில் சம்பளம் கட்டிப் படிக்கும். அங்கே படிப்பது நம் பிள்ளை. அப்படியானால் அந்த நாற்காலியில் பஞ்சாலைச் சங்கத்திலிருந்து ஒருவர், விவசாயத் தொழிலாளர் சங்கத்திலிருந்து ஒரு பெண் ஏன் உட்காரக் கூடாது? விதியில் தடை இல்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கல்லூரி ஆண்டு தோறும் அனுப்பும் தர அறிக்கை அதன் இணையதளத்திலேயே இருக்கவேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளையைக் கொண்டு கைபேசியில் எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எத்தனை நிரந்தர ஆசிரியர் என்று அதில் எழுதியிருப்பதும், வகுப்பில் பிள்ளை பார்ப்பதும் ஒத்துப்போகிறதா என்று அவர்களையே கேளுங்கள். மான்யத்துக்குக் கொடுத்த செலவுச் சான்றிதழின் நகல் வேண்டுமானால், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். முப்பது நாளில் பதில் தரவேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அதற்குக் கட்டணமும் கிடையாது. வாங்கிய கருவிகளின் பட்டியல் வரும். அந்தப் பட்டியலைப் பிள்ளைகளிடம் கொடுத்து, பரிசோதனைச் சாலையில் அவை இருக்கின்றனவா, இருந்தால் பெட்டி பிரிக்கப்பட்டதா என்று பார்த்துவரச் சொல்லுங்கள்.

முதல்வரையோ ஆசிரியர்களையோ எதிரிகளாக நினைத்துப் போகவேண்டாம். காலியிடக் கணக்கை வெளியே சொல்ல முடியாமல் தவிக்கிறவர்கள் அவர்கள்தான். கௌரவ விரிவுரையாளர்கள் நிரந்தர வேலை கேட்டுத் தெருவில் உட்காரும் நாளில், பதிலியின் வலி தெரிந்த பஞ்சாலைத் தொழிலாளர்கள் நூறு பேர் ஷிப்டு முடிந்து போய்ப் பக்கத்தில் உட்காரட்டும். காலியிடம் எத்தனை என்ற கணக்கு அங்கேயே ஒலிபெருக்கியில் வரும். கல்லூரி திறந்தவுடன் உள்தரக் குழுவின் முதல் கூட்டம் நடக்கும். அதற்கு முன்பே உங்கள் சங்கக் கிளையில் இதை விவாதித்து, யாரை அனுப்புவது என்று முடிவு செய்து, முதல்வருக்குக் கடிதம் கொடுங்கள். என்ன பதில் வந்தது என்று நமக்கும் எழுதுங்கள்.